வரைபலகைக்கு முன்னே வாசற்படி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே பின்னுகிறது. கறையான் தன் புற்றைத் தானே எழுப்புகிறது. மனிதன் மட்டுமே பிறர் வரைந்து, பிறர் கட்டிய வீட்டில் குடிபுகுகிறான். வசதி படைத்தவர் வரைபவரை எதிரில் அமர்த்தி, "இந்தச் சன்னலைத் தள்ளி வையுங்கள், பூசையறையைக் கிழக்கே திருப்புங்கள்" என்று சொல்ல முடிகிறது. ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தன் வீட்டை வரைந்தவர் யார் என்பது அவனுக்குத் தெரியாது. தாம் வரைந்த வீட்டில் குடியிருப்பவன் யார் என்பது வரைந்தவருக்கும் தெரியாது. இந்த அறியாமை எங்கே தொடங்குகிறது? கல்லூரியில் தொடங்குகிறது என்பது என் கருத்து. எனவே அதைத் தீர்க்கவேண்டிய இடமும் கல்லூரியே.

தாவரவியல் படிப்பவள் கட்டடக்கலையைப் பற்றி எழுதுவது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. நான் பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்பது ஒன்று. சென்ற ஆண்டு அந்த லைனுக்குக் கட்டடக்கலை மாணவர்கள் சிலர் பாடம் படிக்க வந்தார்கள் என்பது மற்றொன்று. அவர்கள் கற்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

லைன் வீடு

1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. அதன் பின் கோவையில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் ஓர் அறை, அதை ஒட்டி இன்னோர் அறை என்று வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். வரிசையாக இருந்ததால் அது லைன் வீடு ஆயிற்று. பிற்காலத்தில் ஆலைகள் பல மூடப்பட்டன. மோட்டார் பம்பு, வார்ப்படம், லேத்துப் பட்டறை ஆகியவை பெருகின. லைன் வீடுகள் மட்டும் அப்படியே நின்றன. நூல் நூற்றவர் போன அறைக்குக் காயில் சுற்றுபவர் வந்தார். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களும் அதே அறைகளில் குடியிருக்கின்றன.

எங்கள் லைனில் ஏழும் ஏழுமாகப் பதினான்கு வீடுகள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே ஆறடி நடை. கடைசியில் மூன்று கழிப்பறை, இரண்டு குளியலறை, துவைக்கிற கல், உப்புத்தண்ணீர்த் தொட்டி. நுழைவாயில் அருகே நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, வேப்பமரம் ஒன்று. ஒவ்வொரு வீடும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. என் தாயார் மோட்டார் பட்டறையில் காயில் சுற்றுகிறார். தந்தையார் லேத்துப் பட்டறையில் பெரும்பாலும் இரவு வேலை பார்க்கிறார். பகலில் அவர் உறங்குவதற்காக நான் நடையில் அமர்ந்து படிப்பேன். என் பாடநூல்கள் பெரும்பாலானவற்றை வேப்பமரத்து நிழலில்தான் படித்து முடித்திருக்கிறேன்.

வந்தவர்கள்

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மாணவர்கள் தம் ஆசிரியருடன் வந்தார்கள். ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருப்பவர்கள். நூறு குடும்பங்கள் வாழும் சிறு குடியிருப்பு ஒன்றை வடிவமைப்பது அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. அந்தக் குடும்பங்கள் எங்களைப் போன்றவை என்பதால் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். அளவு நாடா பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். "வீட்டில் எத்தனை பேர்? வருமானம் எவ்வளவு? வண்டி உண்டா?" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள். வெயில் ஏறுமுன் புறப்பட்டுவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், யாரிடமும் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசவில்லை.

அவர்கள் வகுப்பில் என்ன படிக்கிறார்கள் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெரி என்பவர் 1929இல் ‘அண்மைக் குடியிருப்பு அலகு’ என்ற கருத்தை வெளியிட்டார். நடுவே ஒரு தொடக்கப் பள்ளி. எந்த வீட்டிலிருந்தும் குழந்தை அங்கே நடந்தே போகலாம். பெரிய சாலைகள் ஓரத்தோடு நின்றுவிடும். கடைகள் மூலைகளில் இருக்கும். சண்டிகரில் 800 மீட்டர் அகலமும் 1200 மீட்டர் நீளமும் கொண்ட செக்டர்கள் இக்கருத்துக்கு உறவானவை. நம் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விடவேண்டும். இவையெல்லாம் தேவையான அறிவு. குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போகவேண்டும் என்பது எவ்வளவு நல்ல எண்ணம்! அவிநாசி சாலையைக் கடந்தே பள்ளிக்குப் போய் வந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இந்த அறிவு முழுவதும் மேலிருந்து பார்த்த அறிவு. பறவையின் கண்ணுக்குத் தெரியும் ஊர் அது. வாசற்படியில் அமர்ந்திருப்பவளின் கண்ணுக்குத் தெரியும் ஊர் வேறு.

கொடிக்கயிற்றில் ஒரு தேர்வு

ஆறு வாரங்கள் கழித்து அந்த ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். மாணவர்களின் வரைபடங்களைக் கல்லூரிச் சுவரில் மாட்டி ஆசிரியர்கள் மதிப்பிடுவதே வழக்கமாம். அவர் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் படங்களை எங்கள் லைனுக்கே எடுத்து வந்துவிட்டார். மாட்ட இடமில்லை. எங்கள் துணிக்கொடியில் கிளிப்பு போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அட்டையில் செய்த சிறு மாதிரியைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார்கள். லைனே கூடிவிட்டது.

படங்கள் அழகாக இருந்தன. நான்கு மாடிக் கட்டடங்கள், நடுவே பூங்கா, வளைந்த நடைபாதை, பச்சை மரங்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. முதலில் எல்லாரும் வியந்து பேசாமல் நின்றார்கள். பிறகு மூன்றாம் வீட்டு ஆத்தா மெல்லக் கேட்டார்.

"ஏஞ்சாமி, நல்ல தண்ணிக் கொழா எங்கீங்க?"

"ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருக்குங்க பாட்டி."

"அது சரி சாமி. தண்ணி வர்ற அன்னைக்கு வேலைக்குப் போனவ வூட்டுத் தண்ணிய ஆரு புடிச்சு வெப்பா? இப்ப அவ குடத்தைக் கொழாயோரம் வெச்சுட்டுப் போயர்றா. நாந்தான் புடிச்சு வெக்கறேன்."

அந்த மாணவர் எழுதிக்கொண்டார். நல்ல தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை, வரும் நேரமும் சொல்லி வைத்ததில்லை என்பது அவருடைய கணக்கில் இருக்கவில்லை. எல்லா நாளும் எல்லா நேரமும் தண்ணீர் வரும் ஊருக்கு அவர் வரைந்திருந்தார்.

அடுத்து இஸ்திரி போடும் அண்ணன் கேட்டார்: "வண்டி நிக்க எடம் போட்டிருக்கறீங்க. அது காருக்கு. எம்பட தள்ளுவண்டி எங்க நிக்குமுங்க?" என் தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மிணி, பார்க்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அது நாலு கட்டடத்துக்கும் முதுகுப் பக்கமா இருக்குதே. கொழந்தைக அங்க வெளையாண்டா சமைக்கறவங்க கண்ணுக்குத் தெரியோணுமல்லோ?"

கடைசியாக ஆத்தா மறுபடியும் பேசினார். மாதிரியில் இருந்த மாடிப்படியை விரலால் தொட்டுக் காட்டி, "ஏஞ்சாமி, நான் செத்துப்போனா இந்தப் படியில பாடை திரும்புமா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவர் நாடாவை எடுத்துப் படித் திருப்பத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தார். திரும்பாது. சாய்த்து நிமிர்த்தித்தான் இறக்கவேண்டும். அவர் முகம் வாடிவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஐந்தாண்டுப் படிப்பில் அந்த மாணவர் மறக்க முடியாத பாடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் துறைக்காரர் ஒருவர்

ஆத்தாவிடம் கேட்டு அறிந்த பின்பு வரையுங்கள் என்பது புதிய கொள்கை அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தமிழ்நாட்டு மண்ணில் நின்று ஒருவர் அதைச் சொன்னார். அவர் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர் அல்லர். எங்கள் தாவரவியல் துறையைச் சேர்ந்தவர் என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

ஸ்காட்லாந்தில் 1854இல் பிறந்த பேட்ரிக் கெடிஸ் 1888 முதல் 1919 வரை டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். நம் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதி வெளியிட்டவரும் அவரே. உயிர்களைப் படித்தவர் ஊர்களைப் படிக்கத் தொடங்கினார். 1880களில் எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஓர் அடுக்குக் கட்டடத்துக்குத் தம் மனைவி அன்னாவுடன் குடிபோனார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார். முற்றங்களில் செடி வைத்தார். பேராசிரியர் ஒருவர் லைன் வீட்டுக்குக் குடிவந்தது போன்றது இது.

1914இல் சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் அவர் இந்தியாவுக்கு வந்தார். நகரமைப்பை மக்களுக்கு விளக்க அவர் பல ஆண்டுகள் சேர்த்த கண்காட்சிப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன், அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் பேசுகிறோம். அந்த எம்டன் கடலில் மூழ்கடித்தவற்றுள் ஊர் அமைக்கும் பாடமும் ஒன்று என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்களின் உதவியால் மீண்டும் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சை, கோவை உள்ளிட்ட நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அக்காலத்தில் நெரிசலான தெருவுக்கு அதிகாரிகள் கண்ட மருந்து ஒன்றுதான்: நேர்கோடு போட்டு வீடுகளை இடித்து அகலச் சாலை விடுவது. கெடிஸ் மாற்று வழி சொன்னார். முதலில் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். எந்த வீடு இடிந்து பாழாய்க் கிடக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே பெண்கள் கூடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாழ்மனைகளை மட்டும் அகற்றிச் சிறு வெளிகள் ஆக்கி மரம் வையுங்கள். குடியிருப்பவரைக் கலைக்காதீர்கள். நோயை அறிந்த பின்பே சிகிச்சை என்பது மருத்துவம். ஊரை அறிந்த பின்பே வரைபடம் என்பது அவர் கண்ட நெறி.

எங்கள் துறையிலும் இதே முறைதான். ஓரிடத்துத் தாவரக் கூட்டத்தைப் படிக்க வேண்டுமானால் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ணவேண்டும். எது எதன் நிழலில் வளர்கிறது, எது எதனோடு தண்ணீருக்குப் போட்டியிடுகிறது என்று குனிந்து பார்க்கவேண்டும். குனியாமல் நிமிர்ந்து நின்று எழுதிய பதிவேட்டை எங்கள் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். புல்லுக்கும் பூண்டுக்கும் காட்டும் இந்தப் பொறுமையை மனிதருக்கும் காட்டுங்கள் என்று கேட்பது பேராசையா?

இந்தூர் தந்த பாடம்

கெடிஸ் பின்னர் மத்திய இந்தியாவின் இந்தூருக்குச் சென்றார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. கோவைக்கும் அந்த நோய் புதிதல்ல. பிளேக் மாரியம்மன் கோவில் இன்றும் அதற்குச் சாட்சி. ஆணை போட்டால் தெரு சுத்தமாகாது என்று கெடிஸ் அறிந்திருந்தார். எனவே தீபாவளியை ஒட்டிப் பெரிய ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். எந்தத் தெரு நன்றாகச் சுத்தமாகியிருக்கிறதோ அந்தத் தெரு வழியாக ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். அழுக்கின் அரக்கனும் நோய் பரப்பும் எலியும் பெரிய உருவங்களாக ஊர்வலத்தில் வந்தன. மக்கள் தாமே முன்வந்து தெருக்களைத் துப்புரவு செய்தார்கள். இந்தூருக்கான அவருடைய அறிக்கை 1918இல் வெளிவந்தது.

அதே இந்தூரில் 1980களில் ‘அரண்யா’ என்ற குடியிருப்பு எழுந்தது. வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1962இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி, மாணவர் பலரை உருவாக்கிய ஆசிரியர் அவர். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2023இல் மறைந்தார்.

அரண்யாவின் பரப்பு ஏறத்தாழ 85 ஹெக்டேர்; மனைகள் ஏறத்தாழ 6500. மிக எளிய குடும்பத்துக்கான மனை 35 சதுர மீட்டர். முழு வீட்டைக் கட்டிச் சாவி கொடுக்கவில்லை. அடித்தளமும், கழிப்பறையும், தண்ணீர்க் குழாயும் அமைத்துத் தந்தார்கள். மற்றதைக் குடும்பம் தன் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். இந்த ஆண்டு ஓர் அறை, மகள் திருமணத்துக்குப் பின் இன்னோர் அறை, மகன் கடை வைத்தால் முன்பக்கம் ஒரு திண்ணை. இப்படியெல்லாம் கட்ட முடியும் என்று காட்டத் தோஷி 80 மாதிரி வீடுகளைக் கட்டினார். 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முன்னால் நடந்த வேலை. தோஷியின் ஆய்வு நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தூரின் குடிசைப் பகுதிகளுக்குச் சென்று, மக்கள் தாமே கட்டிய தெருக்களை அளந்து வரைந்தார்கள். எங்கே திண்ணை, எங்கே மரம், எங்கே பெட்டிக்கடை, எந்த இடத்தில் தெரு சற்று அகன்று நாலுபேர் அமர இடம் தருகிறது என்று குறித்தார்கள். ஏழையின் தெருவை இடிக்கவேண்டிய குப்பையாகப் பாராமல் படிக்கவேண்டிய பாடநூலாகப் பார்த்தார்கள்.

இதற்கு எதிரான பாடமும் உண்டு. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் புதிய குர்னா என்ற அழகிய ஊரை மண் செங்கல்லால் கட்டினார். உள்ளூர்ப் பொருளையும் கைத்திறனையும் மதித்த மேதை அவர். ஆனால் பழைய குர்னா மக்களில் பெரும்பாலோர் குடிபெயர மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரை ஒட்டி இருந்தது. வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழைப்பிலிருந்து பிரிந்தால் அது வீடாகாது என்பதை உலகமே அதிலிருந்து கற்றது.

மறுப்பும் விடையும்

"மக்கள் சொல்வதையெல்லாம் வரைந்தால் கலைஞனுக்கு என்ன வேலை?" என்று ஒரு மாணவர் அன்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் லைனிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. குடியிருப்புக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றார் என் தாயார். சுவர் வைத்தால் வண்டி வியாபாரம் போய்விடும் என்றார் இஸ்திரி அண்ணன். வெளியே உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்றார் ஆத்தா. அப்படி உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்ப்பது வேண்டாம் என்றோம் இளம்பெண்கள். இத்தனை முரண்களையும் ஒரே நிலத்தில் அமர்த்துவதுதான் கலைஞனின் வேலை. முரண்கள் தெரியாமல் வரைவது எளிது. தெரிந்த பின் வரைவதற்கே திறமை வேண்டும்.

"உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஒற்றுமை! பொதுக் குழாய் எவ்வளவு அழகான சந்திப்பு!" என்று புகழ்ந்தார் இன்னொருவர். அவருக்கு நான் சொல்ல விரும்புவது இது. எங்கள் வறுமையை அழகு பார்க்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கில்லாத நடையில் கழிப்பறைக்கு நடந்து போகிறவளுக்கு அதில் அழகு தெரியாது. பதினான்கு வீட்டுக்கு மூன்று கழிப்பறை என்பது ஒற்றுமையை வளர்க்கும் ஏற்பாடு அல்ல. எனக்கு வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும். குடம் பிடித்து வைக்கும் ஆத்தாவும் பக்கத்தில் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் வரைபடம் இருக்கமுடியாது என்று நான் நம்பவில்லை.

வரைபடத்தில் வராத இன்னொன்றும் உண்டு. லைன் வீடு தேடிப் போனால் உரிமையாளர் வாடகையைச் சொல்வதற்கு முன் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அக்கம்பக்கம் என்பது சுவர்களால் மட்டும் ஆனதன்று. யார் பக்கத்தில் யார் என்பதும் அதில் அடங்கும். ஒடிசாக் குடும்பத்துக் குழந்தையும் எங்கள் குழந்தைகளும் ஒரே வேம்பின் கீழ் விளையாடுவதை அந்த மாணவர்கள் பார்த்தார்கள். அந்த விளையாட்டுக்கு இடம் தருவதும் தராததும் வரைபவர் கையில் இருக்கிறது.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? ஒரு பருவத்தில் முடிக்கவேண்டும்" என்பது ஆசிரியர்களின் சங்கடம். உண்மைதான். ஆனால் நூறு வீடுகளை அவசரமாக வரையும் நேரத்தில் பத்து வீடுகளை நிதானமாக அறியலாமே! அளவைச் சுருக்குங்கள், அறிவைச் சுருக்காதீர்கள்.

என் வேண்டுகோள்

நமது நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் காட்சி ஒன்று உண்டு. நூல் அறிந்தவர்கள் நண்பகல் நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறிட்டு நுணுக்கமாக மனை அளக்கிறார்கள். அரசனின் மனைக்குக் காட்டிய அந்த நுணுக்கம் ஏழையின் மனைக்கும் வேண்டும். அதற்குக் கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, மாணவரைப் பகல் பதினொரு மணிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அனுப்புங்கள். தண்ணீர் வரும் நாளில் அனுப்புங்கள். மழை பெய்யும் நாளில் அனுப்புங்கள். பெரிய காரியம் நடக்கும் நாளில் பந்தல் எங்கே போடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வரைபடத்துக்கு முன் ஒரு கால அட்டவணை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாசற்படியில் ஒரு நாளில் என்னென்ன நடக்கிறது? கோலம் போடுவது, காய் நறுக்குவது, பிள்ளைக்குத் தலை வாருவது, இரவு வேலை முடித்தவர் செருப்பைக் கழற்றுவது, பெண்ணொருத்தி தேர்வுக்குப் படிப்பது. இத்தனைக்கும் இடமான ஒன்றை ‘நடைவழி, ஆறு அடி’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட முடியுமா?

மூன்றாவது, குடியிருப்பவரைத் தேர்வாளர் ஆக்குங்கள். நூறு மதிப்பெண்ணில் இருபதாவது அவர்கள் கையில் இருக்கட்டும். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் குழந்தை கண்ணில் படாத பூங்காவை ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். வரையத் தெரியாதவருக்கும் வலிக்கும் இடம் தெரியும்.

நான்காவது, கட்டி முடித்துப் பத்தாண்டு ஆன குடியிருப்புகளுக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சன்னலை அடைத்திருக்கிறார்கள், எங்கே கூரை இறக்கியிருக்கிறார்கள், எந்தப் பூங்காவில் முள் வளர்ந்திருக்கிறது என்று பார்க்கட்டும். அந்த மாற்றங்கள் எல்லாம் வரைந்தவருக்கு மக்கள் எழுதிய கடிதங்கள். படிக்கத்தான் ஆளில்லை.

முடிவாக ஒன்று

அந்த மாணவர்கள் மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தார்கள். இம்முறை கட்டடங்கள் பூங்காவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வீட்டுக்குள் குழாய் இருந்தது. கட்டட வாசலில் பொதுக் குழாயும் தொட்டியும் இருந்தன. தள்ளுவண்டிக்குக் கூரையுடன் இடம் இருந்தது. படித் திருப்பம் அகன்றிருந்தது. ஆத்தா அதை விரலால் அளந்து பார்த்து, "இப்பத் திரும்பும் சாமி" என்றார். அந்த மாணவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அந்த வரைபடம் கட்டப்படப் போவதில்லை. அது பயிற்சிக்காக வரைந்தது. ஆனால் எங்கள் லைன் உண்மையிலேயே இடிக்கப்படப் போகிறது. வரும் சித்திரைக்குள் காலி செய்யும்படி உரிமையாளர் சொல்லிவிட்டார். நிலம் அவருடையது, அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. அவிநாசி சாலையில் 2025இல் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்ட ஊரில் பதினான்கு ஓட்டு வீடுகள் எத்தனை நாள் நிற்கும்? நாங்கள் பதினான்கு குடும்பமும் பதினான்கு திசைக்குப் போவோம். ஆத்தா மகன் வீட்டுக்குப் போகிறார். அது மூன்றாவது மாடி. எங்களுக்கு இன்னும் இடம் அமையவில்லை.

எங்கேயோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் இப்போது நாங்கள் நாளை குடியேறப் போகும் வீட்டை வரைந்துகொண்டிருக்கலாம். அவர் மாணவராக இருந்தபோது ஒரு வாசற்படியில் ஒரு மாலைப்பொழுதாவது அமர்ந்திருந்தால் எங்களுக்கு அதுவே பெரும் பேறு. கட்டடக்கலை பயிலும் தம்பி தங்கைகளே, உங்கள் எழுதுகோலை எடுக்குமுன் எங்கள் வாசலுக்கு வாருங்கள். உட்கார இடம் தருகிறோம். குடிக்க நல்ல தண்ணீர் தருகிறோம். எங்களைப் படித்துவிட்டு எங்களுக்காக வரையுங்கள்.